ரோபோ வந்தால் கணக்கு வந்துவிடுமா?

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் கிளியனூர் மாதிரியான ஊர்களிலும் பெற்றோர் பேச்சில் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன: ஸ்மார்ட் கிளாஸ், ரோபோட்டிக்ஸ். இவை உள்ள பள்ளி நல்ல பள்ளி, இல்லாத பள்ளி பின்தங்கிய பள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்குக் குறை கருவிதான், அதைக் கொடுத்துவிட்டால் நகரத்துப் பிள்ளையை எட்டிப் பிடித்துவிடும் என்பது அரசியல் மேடையிலும் வணிக விளம்பரத்திலும் ஒரே குரலில் ஒலிக்கும் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்த இடங்களில் அது நிற்கவில்லை.

கருவி கைக்கு வந்தாலே படிப்பு உயரும் என்பது அந்த வாதத்தின் முதல் பகுதி. உலகிலேயே பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நாடு பெரு. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கணினிகள் போயின. 319 பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணினிப் பயன்பாடு கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை.

திரை இருந்தால் ஆசிரியர் குறையைச் சரிக்கட்டிவிடலாம் என்பது அடுத்தது. குஜராத்தில் லீ லிண்டன் நடத்திய ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஒரே கணித மென்பொருளைச் சில பள்ளிகளில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள்; வேறு சில பள்ளிகளில் வகுப்பு நேரத்துக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்தார்கள். கூடுதலாகப் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், அதிலும் படிப்பில் பின்தங்கியவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆசிரியர் நேரத்தை இழந்த பிள்ளைகளோ மென்பொருள் இல்லாமல் கற்றிருக்கக்கூடியதைவிடக் குறைவாகக் கற்றார்கள். மென்பொருள் ஒன்று, பாடம் ஒன்று, விளைவு மட்டும் நேர் எதிர்.

'பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள், யாரும் வேண்டாம்' என்று சொல்பவர்கள் சுவரில் கணினியைப் பதித்துப் பிள்ளைகளிடமே விட்ட சுகதா மித்ராவின் 'சுவரில் ஒரு துளை' சோதனையை எடுத்துக்காட்டுவார்கள். அந்தச் சோதனையின் தமிழ்க் கிளையை அவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பத்தில், தமிழ் பேசும் சிறுவர்கள் மூலக்கூறு உயிரியலின் அடிப்படையைப் பொதுக் கணினியில் தாங்களே கற்க முடியுமா என்று பார்த்தார் மித்ரா. யார் துணையும் இல்லாமலே பக்கத்து அரசுப் பள்ளியில் அதைப் படித்த பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் டெல்லியின் உயர்தரத் தனியார் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் எட்டியது அதற்குப் பிறகு, பாடம் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் நின்று, என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, பாராட்டி ஊக்கப்படுத்தியபோதுதான். 2010இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே தானாகக் கற்பதன் எல்லையைப் பற்றியது. எட்டிப் பிடிக்க வைத்தது ஒரு மனிதத் துணை.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அதுவும் தவறு. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. காரணத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பிலோ அந்த இடைவெளி நாலரை வகுப்பு. பாடப்புத்தகம் ஒன்பதாம் வகுப்பைப் பேச, மென்பொருள் அந்தப் பிள்ளையின் உண்மை நிலையைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே, பயிற்சி மையத்தில், உதவியாளர் ஒருவர் உடனிருக்க.

பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்குவது கணினிக்கு மட்டுமே உரிய வித்தை அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகள் அதைத்தான் செய்தன. பாய் விரித்த தரை, சுவரில் ஏணிப்படி அட்டவணை, தட்டில் அடுக்கிய அட்டைகள். பிள்ளை தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு உட்காரும். மின்சாரம் தேவையில்லை.

ரோபோட்டிக்ஸ் படித்தால் தருக்க அறிவும் கணக்கும் தானே வரும் என்பதுதான் இன்று அதிகம் விற்பனையாகும் பகுதி. பிள்ளைகளுக்கான சீமோர் பேப்பர்ட்டின் லோகோ நிரல்மொழியைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே நம்பிக்கை இருந்தது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் குர்லண்டும் 1980களில் சோதித்தபோது, லோகோ எழுதிய பிள்ளைகள் வேறு வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை. கற்றது தானாக இடம் பெயரவில்லை.

ஒரு சிறு ரோபோ வண்டியை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 7 செ.மீ. ஒரு சுற்றுக்கு அது ஏறத்தாழ 22 செ.மீ. ஓடும். ஒரு மீட்டர் ஓட எத்தனை சுற்று வேண்டும் என்று ஒருவர் கேட்டால், பிள்ளை 100ஐ 22ஆல் வகுக்கும், நாலரைக்குச் சற்று மேல் என்று சொல்லும், ஓட்டிப் பார்க்கும், வண்டி கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் ஏன் என்று தேடும். வட்டத்தின் சுற்றளவு அன்றைக்குப் புரியும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாவிட்டால், தாளில் உள்ளபடி திருகு முடுக்கி, வண்டியை ஓடவிட்டு, காணொளி எடுத்துப் பெற்றோருக்கு அனுப்புவதோடு சரி. பள்ளிகளில் இத்தகைய கருவிகளோடு அமையும் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அவ்வளவு செலவில் வரும் பெட்டிக்கும் இதே விதிதான்.

கேள்வி கேட்கும் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கக் கிளியனூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வானூர் வட்டத்திலேயே ஆரோவில் வட்டாரத்து உதவி பள்ளியிலும் இசை அம்பலம் பள்ளியிலும் 'ஸ்டெம் லேண்ட்' என்ற கற்றல் மையம் இயங்குகிறது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே ஸ்க்ராட்ச், ஜியோஜீப்ரா, மின்னணுப் பொருட்கள், ரூபிக் கனசதுரம், புதிர் விளையாட்டுகள் எல்லாவற்றையும் கையாளுகிறார்கள். என்ன கற்பது என்பதைப் பிள்ளைகளே திட்டமிடுகிறார்கள். இளம் பொறியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறார்கள்.

கிளியனூர் இருக்கும் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கொரோனா கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது. அது தெருத் திண்ணையிலும் நடக்கக்கூடிய வகுப்பு.

அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ரோபோட்டிக்ஸ் பெட்டி வாங்கும் பேச்சு வந்தால், கிளியனூர்ப் பெற்றோர் விலைக்கு முன்னால் சிலவற்றைக் கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைகள் கையில் அது இருக்கும்? எந்தப் பாட நேரத்தை அது எடுத்துக்கொள்ளும்? பழுதானால் யார் சரிசெய்வார்? பக்கத்தில் உட்காரப்போகும் ஆசிரியருக்கு யார் பயிற்சி தருவார்? இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.