முயல் கேக்கும் சர்க்கரை அச்சும்



2025 ஆகஸ்ட் 10-இல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு, நம் ஜூஜுவாடிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா வரை ஒரு பஸ், அப்புறம் ரயில். ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புகிறவர்கள் பலர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முயல், கரடிக்குட்டி, பூனைக்குட்டி உருவத்தில் கேக்!

இதைப் பற்றி நம் உறவுக்குள்ளேயே இரண்டு கட்சி. "ஒரு வாய் இனிப்புக்கு இவ்வளவு காசா?" என்று பெரியவர்கள். "பிள்ளை ஆசைப்பட்டால் என்ன செய்ய?" என்று இளையவர்கள். நான் வாங்குகிறவர்கள் கட்சிதான். ஷிப்டு வேலையில் வாரம் முழுக்கப் பிள்ளை தூங்கிய பிறகே வீடு சேரும் அப்பனுக்கு, அந்தப் பெட்டியைத் திறக்கும்போது பிள்ளை முகத்தில் வரும் சிரிப்பு பெரிய விஷயம். அதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவிர, விலங்கு உருவத்தில் இனிப்பு நமக்குப் புதியதும் இல்லை. நம் எல்லைப் பகுதியில் கன்னடம் பேசும் வீடுகளில் சங்கராந்திக்குச் சர்க்கரை அச்சு செய்வார்கள். பாகு காய்ச்சி மர அச்சில் ஊற்றினால் குதிரை, யானை, கிளி எல்லாம் வரும். எள், வெல்லம், நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரை கலந்த எள்ளு-பெல்லாவோடு அதைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசு என்பது அதன் பொருள். தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்ற பேதம் அதில் கிடையாது.

வித்தியாசம் இங்கேதான். அந்தக் குதிரை அடுத்த வீட்டுக்குப் போவதற்காகவே செய்யப்பட்டது. இந்த முயலோ போட்டோவுக்கு நிற்கிறது, ஸ்டேட்டஸில் ஏறுகிறது, பிறகு பிரிட்ஜுக்குள் போய்விடுகிறது. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. என் வருத்தம் விலையைப் பற்றியது அல்ல, இதைப் பற்றியதுதான்.

"முயல் காதை வெட்டாதே" என்று குழந்தை அழும், உண்மைதான். சர்க்கரைக் குதிரையை எறும்பு மொய்க்கும் வரை ஒளித்து வைத்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் கேக் காத்திருக்காது. பிரெஷ் கிரீம் என்பது பால்பொருள். குளிர்ச்சியில் இருந்தால்தான் கெடாமல் நிற்கும். சில்க்போர்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் மடியில் இருந்த கேக்கை மூன்று நாள் வைத்துத் தின்பது சரியில்லை. அன்றைக்கே வெட்டிப் பங்கிட்டுவிடுவதுதான் உடம்புக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

நிறத்தையும் கவனியுங்கள். 2024-இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூரு பேக்கரிகளின் 235 கேக் மாதிரிகளைச் சோதித்தது. 223 நன்றாக இருந்தன. 12-இல் செயற்கை நிறமிகள் பாதுகாப்பற்ற அளவில் இருந்தன. ரெட் வெல்வெட், பிளாக் பாரஸ்ட் வகைகளைத் துறை பெயர் சொல்லியே எச்சரித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரோடமின்-பி கலப்பால் நம் தமிழ்நாடு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது நினைவிருக்கும். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. 235-க்கு 223 என்றால் பெரும்பாலோர் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் நீல யானையும் ரத்தச் சிவப்பு மீனும் வேண்டாம். வெள்ளை முயல், சாக்லேட் கரடி போதும்.

வாங்குவோருக்குச் சில வார்த்தை. ஊர் சுற்றி முடித்துக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். என்றைக்குச் செய்தது, முட்டை உண்டா என்று கேளுங்கள். கூட்டத்தில் தொங்கவிடாமல் பெட்டியைச் சமமாகப் பிடியுங்கள். பெரிதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறியதாக நான்கு வாங்கினால் நான்கு பிள்ளைகள் கையில் சேரும்.

கத்தியைக் குழந்தையின் கையில் பிடித்து முதல் துண்டை வெட்டச் செய்யுங்கள். அந்தத் துண்டு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். கொடுத்துத் தின்னும் பழக்கத்தை நான் வகுப்பில் பாடமாக நடத்தியதைவிட, இது பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.