சம்பளம் 12 தடவை, ரீசார்ஜ் 13 தடவை!

மொபைலுக்கு மாசம் எவ்வளவு செலவாகுதுன்னு கேட்டா, கடைசியா போட்ட ரீசார்ஜ் தொகையைத்தான் பெரும்பாலும் சொல்லுவோம். கணக்கு இடிக்கிறதே அங்கதான். அது மாசக் கணக்கு இல்ல, 28 நாள் கணக்கு. 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்க, 13 வரும்.

28 நாளுக்கு 300 ரூபாய் பிளான்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 3,600-ன்னு நினைப்போம். நிஜமா போறது 3,900. அதனால பிளான் விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. விலையை வேலிடிட்டி நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு பாருங்க. இந்த 300 ரூபாய் பிளான் நாளுக்கு 10.71 ரூபாய். அதே டேட்டாவோட 84 நாளுக்கு 840 ரூபாய்னா நாளுக்கு 10. ஆனா 56 நாளுக்கு 620 ரூபாய்னா 11.07! நாள் அதிகம்னாலே மலிவுன்னு நம்பிடக் கூடாது.

மாசக் கணக்குதான் வசதின்னா அதுக்கும் வழி இருக்கு. 30 நாள் பிளான் ஒண்ணு, மாசாமாசம் ஒரே தேதியில புதுப்பிக்கிற பிளான் ஒண்ணு கட்டாயம் இருக்கணும்னு 2022-லயே ட்ராய் உத்தரவு போட்டிருக்கு. ஆப்ல கொஞ்சம் தேடுங்க.

அடுத்தது டேட்டா. போன் செட்டிங்ஸ்ல போன மாசம் எத்தனை ஜிபி மொபைல் டேட்டா செலவாச்சுன்னு பாருங்க. ஆபீஸ்லயும் வீட்டிலயும் வைஃபை இருந்தா, பலருக்கு ஒரு நாளைக்கு 1 ஜிபி கூட வராது. தினசரி டேட்டா பிளான்ல மிச்சம் இருக்கிறது பொதுவா ராத்திரி 12 மணியோட போச்சு. 'தினமும் 2 ஜிபி'ன்னு பெருமையா வாங்கி யாருக்கு லாபம்?

என் தப்பையும் சொல்லிடறேன். அப்பா வெச்சிருக்கிறது பட்டன் போன். அதுக்கும் ரெண்டு வருஷமா தினசரி டேட்டா பிளானே போட்டுட்டு இருந்தேன். ஊர் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர், வீட்டுக் கணக்கைப் பார்க்கல. கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜும் தரணும்னு 2024 டிசம்பர்ல ட்ராய் விதி கொண்டு வந்தது. அம்மா, அப்பா நம்பருக்கு நீங்கதான் ரீசார்ஜ் போடுறீங்கன்னா, முதல்ல அதைப் பாருங்க.

வருஷ பிளான் எடுக்கலாமா? வீடு, ஆபீஸ், சொந்த ஊர் மூணு இடத்திலயும் சிக்னல் நல்லா இருந்தா மட்டும் எடுங்க. நடுவுல வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணா மிச்ச நாளெல்லாம் வீண். வேலை மாறி ஊர் மாறுற வயசுல, 84 நாள் மாதிரியான பிளானே போதும்ங்கிறது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. சிக்கனம்னு சொல்லி, பேங்க் ஓடிபி வர்ற நம்பரை ரீசார்ஜ் இல்லாம கிடப்புல போடாதீங்க. ரொம்ப நாள் பயன்படுத்தாத நம்பரை நிறுத்திட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. அங்க மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய்க்காக, மொத்த அக்கவுண்டையும் பணயம் வைக்கணுமா?

அடுத்த ரீசார்ஜுக்கு முன்னாடி கால்குலேட்டரைத் திறங்க. ஒரே ஒரு வகுத்தல்தான்.