கம்பியில்லாத் தொடர்பும் கிராமத் தொழிலும்

1990களில் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்த காலத்தை எம் கல்லூரியின் பழைய மாணவர் பலரும் மறந்திரார். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் வலுவிலே வானொலி கேட்டோம். ஒருவர் சுழற்ற, பதின்மர் செவி சாய்த்திருப்போம். உலகத் தொடர்பு அற்ற ஊர் எத்துணை இருண்டது என்பதை அந்நாட்கள் எமக்குக் கற்பித்தன. அன்று செய்தியைக் கேட்டலே போதுமாயிருந்தது. இன்றோ எம் கிராமங்கள் கேட்கவும் வேண்டும். தம் குரலைக் கேட்பிக்கவும் வேண்டும். அவ்வழி செவ்வனே அமையாமையால் ஊர்த் தொழில்கள் நலிவதை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைத்தல் எம் கடனெனக் கருதுகின்றோம்.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் தம் கிராமத்திலே ஒடியல் மாவும் பனங்கட்டியும் பொதிசெய்து விற்கும் சிறு தொழிலொன்றை நடத்துகின்றார். அறுவர்க்கு அங்கே வேலை உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஒருவர், கட்டளை கொடுக்குமுன் தொழிற்கூடத்தைக் காணொளி வாயிலாகப் பார்க்க விரும்பினார். ஊரார் யாவரும் கைத்தொலைபேசியில் அமர்ந்திருக்கும் மாலை வேளை அது. தொடர்பு மும்முறை அறுந்தது. கட்டளை வேறிடம் சென்றது. "சேர், சரக்கிலே குறையில்லை, வழியிலேதான் குறை" என்று அவர் எம்மிடம் கூறினார். இப்பொழுது கொழும்புக்குப் பெயர்வதைப் பற்றி எண்ணுகின்றார். அவர் பெயர்ந்தால் அந்த அறுவரின் அடுப்பு என்னாகும்?

கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்க, வேறு தொடர்பு எதற்கு என வினவுவாருளர். கைத்தொலைபேசி இணைப்பு நடமாடும் மனிதருக்கென அமைந்தது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அவ்வேளையில் அங்குள்ளோர் அனைவரும் பங்கிட்டுக் கொள்வர். ஆள் கூடினால் பங்கு குறையும். அன்றியும் அது பெறுதற்கு அகன்றும் அனுப்புதற்கு ஒடுங்கியும் இருப்பது வழக்கம். தொழில் செய்வோனோ கணக்குகளையும் படங்களையும் நாள்தோறும் அனுப்ப வேண்டியவன். நிலையான கம்பியில்லா இணைப்பின் தன்மை வேறு. கூரைமேல் நிறுத்திய சிறு தட்டு ஒன்று, தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தை மாத்திரம் நோக்கி நிற்கும். அலைகள் நாற்புறமும் சிதறாது ஒடுங்கிய கற்றையாய்ச் செல்லும். இரு முனைகளுக்கு மாத்திரமென அதனை அமைத்தால், இத்துணை வேகம் என்று முன்கூட்டியே வரையறுத்துப் பெறவும் இயலும்.

இஃது அறியாத வித்தையன்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீற்றர் நீளமே உள்ள அலைகளைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்த்தினார். அத்தகைய அலைகளே இன்று குறுந்தொலைவு இணைப்புகள் சிலவற்றிற் பயன்படுகின்றன. கொழும்பிலே 1925 இல் வானொலி ஒலித்தது. 1996 இல் இரு கொம்பனிகள் கம்பியில்லா நிலைத் தொலைபேசிச் சேவைக்கு இந்நாட்டில் அனுமதிப்பத்திரம் பெற்றன. ஆகலின் அறிவு இருந்தது. கிராமத்தை நோக்கிய கருத்துத்தான் குன்றியிருந்தது.

கருத்துள்ள இடத்தில் நிகழ்ந்ததை நேபாளத்திற் காணலாம். அமெரிக்காவிற் கற்று ஊர் மீண்ட மகாவீர் புன், மலைக் கிராமமாகிய நாங்கியின் பாடசாலையிற் பணியாற்றிய ஆசிரியர். தொலைபேசிக் கம்பியும் எட்டாத அவ்வூரை, 2002 ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலைமேல் மரங்களில் அன்ரனாக்களைக் கட்டி, பொக்காரா நகரோடு கம்பியின்றி இணைத்தார். கல்விக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் சிறு வணிகத்துக்கும் அது வழி திறந்தது. 2007 இல் மக்சேசே விருது அவரை நாடி வந்தது. ஆசிரியரொருவர் தொடங்கிவைத்தார் என்பது எம்போன்றோர் நெஞ்சிற் பதியத்தக்கது.

அங்கே மலை உதவிற்று. எம் குடாநாடோ சமதரை. பனையோ 30 மீற்றர் வரையும் ஓங்கும். இவ்வலைகளுக்கு இடைத்தடையற்ற பார்வை வேண்டும். இரு அன்ரனாக்களும் ஒன்றையொன்று காண்பது மாத்திரம் போதாது. 5 கிலோமீற்றர் தொலைவுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் அலையை அனுப்பின், நடுவழியிலே பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 5 மீற்றர் வெளி இருத்தல் நன்று. ஆதலால் வடலி பனையாவதையும் எண்ணியே கோபுரத்தின் உயரத்தைத் தீர்மானித்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். மாரியின் மின்னல் கருவியை எரிக்கும். எனவே துருப்பிடியாத பொருத்துகளும் முறையான நிலத்தொடுப்பும் இன்றியமையாதன. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட நாம், மின்கலமும் சூரியத் தகடும் இல்லாத கோபுரத்தை நம்பலாகாது.

ஒளியிழை வருந்துணையும் பொறுத்திருப்போம் என்பர் சிலர். ஒளியிழை சிறந்ததே, கோபுரத்தின் அடிவரை அது வருவதும் நன்று. எனினும் வீடுகள் ஐதாக உள்ள ஒழுங்கைகளுக்குள் அஃது எப்பொழுது வரும்? 2025 யூலையில் செய்மதி வழி இணையச் சேவையும் இலங்கையிலே தொடங்கிற்று. தீவுகளிலும் தனித்த இடங்களிலும் அதனை நாடுவது தகும். ஆயினும் பத்துப் பதினைந்து தொழில்கள் அண்மையில் உள்ள ஓரூரில், அனைவரும் ஒரு கோபுரத்தைப் பகிர்வதே சிக்கனமென்பது எம் துணிபு.

இனி, ஆற்றவேண்டியவை யாவை? முதலாவதாக, ஊர்த் தொழில் முயற்சியாளரும் கூட்டுறவுச் சங்கங்களும் தனித்தனியே கொம்பனிகளின் வாயிலில் நில்லாது, ஒன்றுகூடி அனுமதிப்பத்திரமுடைய நிறுவனத்தோடு பேசுதல் வேண்டும். இருவர் கேட்பின் செவி சாயாதோர் இருபதின்மர் கேட்பின் சாய்வர். இரண்டாவதாக, ஒப்பந்தத்தைக் கண் திறந்து வாசித்தல் வேண்டும். நூற்றுக்கு 99 பங்கு இணைப்புத் தொடரும் என்பது இனிமையான சொல். கணக்கிட்டால் ஆண்டில் 87 மணி நேரத்துக்கு மேல் அறுந்திருக்க அஃது இடந்தரும். 99.9 பங்கெனின் 9 மணி நேரத்துள் அடங்கும். அறுந்தாற் கட்டணத்திற் கழிவு எவ்வளவு, திருத்துவோர் எத்துணை மணி நேரத்தில் வருவர் என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, அன்ரனா பொருத்தவும் பழுது பார்க்கவும் எம் ஊர் இளைஞரையே பயிற்றுதல் வேண்டும். பழுது நோக்கக் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் தொழில் முன்னேறாது.

ஈண்டு பழைய மாணவராகிய எம்மவர்க்கு ஒரு சொல். கடல் கடந்து வாழும் நம்மவர் கல்லூரிக்கு வாரி வழங்குகின்றனர். அவர்தம் அன்பை யாம் போற்றுகின்றோம். ஆனால் அந்நிதியிற் பெரும் பங்கு வளைவாகவும் மதிலாகவும் பெயர்ப்பலகையாகவும் நிற்பதைக் காணுந்தோறும் நெஞ்சு வருந்துகின்றது. ஒரு வளைவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை, கிராமத்துக்கு ஒரு கோபுரமும் அதனைப் பேணும் இளைஞரின் பயிற்சியுமாக மாற்றினால் என்ன? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கமைய, கல்வித் திணைக்களம் இசையுமாயின், எம் கல்லூரியின் மேல்மாடியே முதற் கோபுரத்தைத் தாங்கலாமன்றோ? அதன்கீழ் மாணவர் பயில்வர்; அதன்வழி ஊர் வாணிகம் செய்யும்.

இணைப்பு ஒன்றே எல்லாக் குறையையும் நீக்குமென யாம் கூறவில்லை. சரக்கு நன்றாயிருத்தல் வேண்டும். சொன்ன சொல் தவறாதிருத்தல் வேண்டும். ஆயின் நல்ல சரக்கும் நாணயமும் உடையவன், அலை எட்டாமையால் மாத்திரம் பிறந்த மண்ணை விட்டு நீங்குதல் எமக்கெல்லாம் இழுக்கு. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. வடத்தின் ஒரு முனை இங்கே எம் கையில் இருக்கின்றது. மறு முனையைப் பழைய மாணவர் பற்றுவாராக.