கடப்பா கல் அலமாரிக்குள் டிராயர் வேண்டுமா?

பழைய வீடுகளின் சுவர் அலமாரியில் அடியில் இருக்கும் புடவையை உருவினால், மேலே உள்ள அடுக்கு மொத்தமும் சரியும். அதற்காகக் கடப்பா கல்லை உடைக்க வேண்டாம். கூடவே சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வரும். இரண்டு கற்களுக்கு நடுவே பிளைவுட் டிராயர் வைத்தாலே போதும்.

பலரும் சறுக்குவது அளவில்தான். சுவருக்குச் சுவர் டேப் பிடித்து டிராயர் செய்துவிடுவார்கள். கதவுச் சட்டம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அது வெளியே வராது! சட்டத்துக்கு இடைப்பட்ட அகலமே கணக்கு. அதையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுவேலை நேராக இருக்கும் என்று கொத்தனாரை நம்ப வேண்டாம்.

சட்டத்தின் விளிம்புக்குச் சமமாக இருபக்கமும் 18 மி.மீ. பிளைவுட் பலகை நிறுத்தி, அதில் டெலஸ்கோபிக் சேனலைப் பொருத்துங்கள். பலகைகளுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட டிராயர் 26 மி.மீ. குறைவாக இருந்தால்தான் இரண்டு சேனலும் அடங்கும். டிராயரின் பக்கங்களுக்கு 12 மி.மீ., அடிப்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் தாராளம்.

அலமாரிக்குப் பின்னால் குளியலறையா? பிளைவுட் வாங்கும் முன் சுவரில் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துகள் தெரிந்தால் முதலில் கூப்பிட வேண்டியது தச்சரை அல்ல, பிளம்பரை. இல்லாவிட்டால் பூஞ்சை முதலில் பிடிப்பது பட்டுப்புடவையைத்தான்.