எல்லைக் கோட்டை எழுதுவது யார்?



மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு களிப்போர் பலர். அங்கிருந்து தெற்கே சில கல் தொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினத்தை எட்டிப் பார்ப்போர் சிலரே. டச்சுக்காரரின் கோட்டை அங்கே சிதைந்து நிற்கிறது. 1754 ஜனவரியில், அவ்வூரில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடிப் பேசினர். எதைப்பற்றி? ஆர்க்காட்டுக்கு நவாபு யார், எந்தச் சீமையில் எவர் செல்வாக்கு என்பதைப்பற்றி! இடம் தந்தது தமிழ் மண். இருக்கை மட்டும் அம் மண்ணின் மக்களுக்கு இல்லை. பேச்சு முறிந்தது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையே நவாபு தந்த ஜாகீராகக் கும்பினியின் கைக்குப் போயிற்று. ஏர் பிடித்தவனைக் கேட்டார்களா? வலை வீசியவனைக் கேட்டார்களா? இல்லை!

மூன்று புறமும் கடல் சூழ்ந்தது தென்னகம். அந்தக் கடலெல்லை இயற்கை வகுத்தது. உள்ளே ஓடும் கோடுகளோ மனிதன் வகுத்தவை. எனவே, கோடு எங்கே என்பதைவிட, எழுதுகோல் எவர் கையில் என்பதே முதற்கேள்வி.

மக்கள் எழுதிய கோடும் உண்டு. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சி ஓயவில்லை. படாஸ்கர் பரிந்துரையை இரு அரசுகளும் ஏற்றன. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. ஈடாக அம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல ஆந்திரம் சென்றன. பெற்றோம், இழந்தோம், ஆயினும் ஒப்பி எழுதிய கோடு, ஆகவே நிலைத்தது.

அத்துடன் அமைதி கொள்ளலாமா? அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படியுங்கள். மாநிலத்தின் எல்லையை மாற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும், இசைவைப் பெறவேண்டியதில்லை! 2019-இல் ஜம்மு-காஷ்மீர் மாநிலம் இரு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டபோது, கருத்துரைக்க அங்கே சட்டமன்றமே இல்லை. முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது.

“இசைவு வேண்டுமென்றால், பிரிந்து வாழ விழையும் பகுதியின் குரல் நசுங்காதா?” என்று கேட்பர். நேர்மையான கேள்வி. அப் பகுதி மக்களின் வாக்கையும் பெறுக என்பதே நம் விடை.

மக்களின் இசைவின்றி எல்லை மாற்றம் இல்லை. இந்த ஒரு வரி அரசியல் சட்டத்தில் ஏறவேண்டும். ஊர்தோறும் எடுத்துரையுங்கள்! மண்ணுக்குரியவன் அமராத மேசையில் மண்ணின் எல்லை எழுதப்படலாகாது. சதுரங்கப்பட்டினத்தோடு அந்த வழக்கம் முடியட்டும்!