முன்பே காசு கொடுத்தவரிடம் மறுபடி கேட்கக் கூடாது

கர்நாடக இசை பாடுபவர்களுக்கான சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைத் தயாரித்து விற்கிறேன். இதுவரை காசு கட்டினால்தான் அதைத் தரவிறக்க முடியும். வரும் தை மாதம் முதல் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிடித்திருந்தால் செயலிக்குள்ளேயே பணம் கட்டி எல்லா வசதிகளையும் திறந்துகொள்ளலாம். தம்புராவை மீட்டிப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? நாதத்தைக் கேட்கும் முன்பே பணம் கேட்பதால் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். போதாததற்கு, ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஆண்டுதோறும் மாறுகின்றன. அவற்றுக்கு ஏற்பச் செயலியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுக் கட்டணமே 99 டாலர். என்றோ ஒருமுறை வாங்கிய விலையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எத்தனை காலம் ஓட்ட முடியும்? ஆகவே இந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை.

என் கவலையெல்லாம் ஏற்கெனவே வாங்கியவர்களைப் பற்றியது. அவர்கள் எந்த மாற்றத்தையும் கேட்கவில்லை. இரவில் போன் தானாக அப்டேட் ஆகிவிடும். காலை ஆறு மணி வகுப்புக்கு மாணவி வந்து உட்கார்ந்திருப்பாள். பாட்டு டீச்சர் ஐந்தரைக் கட்டையில் சுருதி வைக்கப் போனால், பூட்டுப் படமும் ‘வாங்குக’ என்ற பொத்தானும் வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீடு புகுந்து எடுத்துக்கொண்டு, திரும்பத் தர விலை சொல்வதற்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. ஐபேடில் குறிப்பெடுக்க மாணவர்கள் விரும்பி வாங்கிய ‘நோட்டபிலிட்டி’ 2021 நவம்பர் 1 அன்று சந்தா முறைக்கு மாறியது. முன்பே வாங்கியவர்களுக்கு ஓராண்டு வரைதான் முழு வசதி, பிறகு சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு வெடித்தது. மறுநாளே இறங்கி வந்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு அதுவரை இருந்த வசதிகள் எல்லாம் ஆயுளுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். 2019இல் ‘பாக்கெட் காஸ்ட்ஸ்’ என்ற பாட்காஸ்ட் செயலியின் கதையும் இதேதான்: கணினிப் பதிப்பை வாங்கியிருந்தவர்களுக்கு முதலில் மூன்றாண்டு சலுகை என்றார்கள், கண்டனத்துக்குப் பிறகு அதை ஆயுள் சலுகையாக மாற்றினார்கள். 2020 ஜனவரியில் சந்தாவுக்கு மாறிய ‘ஃபென்டாஸ்டிகல்’ நாட்காட்டிச் செயலி, பழைய வாடிக்கையாளர் வாங்கிய எதையும் பூட்டாமல் முதல் நாளிலேயே திறந்து வைத்தது. செய்ய முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

பழைய வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது? ஆப்பிளில் வழி இருக்கிறது. ஒருவர் முதன்முதலில் எந்தப் பதிப்பை இறக்கினார் என்பது ரசீதிலேயே பதிவாகியிருக்கும். செயலி இலவசமாவதற்கு முந்தைய பதிப்பு என்றால் பூட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. ஐபோனில் அந்த இடத்தில் வருவது, கடையில் நம் கண்ணுக்குத் தெரியும் 2.4 போன்ற பதிப்பு எண் அன்று. உள்ளே இருக்கும் பில்டு எண். அது 147 என்று இருக்கலாம். ‘3.0க்குக் குறைவாக இருந்தால் பழையவர்’ என்று நிரல் எழுதினால், 147 மூன்றைவிடப் பெரிது என்று கணக்கிட்டு, காசு கொடுத்த அத்தனை பேரையும் அது வெளியே நிறுத்திவிடும். சோதனையில் இது பிடிபடவும் செய்யாது. ஆப்பிளின் சோதனைச் சூழலில் அந்த எண் எப்போதும் 1.0 என்றே வரும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

கூகுள் பிளேயில் இதற்கு நிகரான நேரடி வசதி இல்லை. விலையை நீக்கும் முன்பே, செயலி இன்னும் விற்பனையில் இருக்கும்போதே, ஓர் அப்டேட் வெளியிட்டு, வாங்கியவர்களை நம் சர்வரில் பதிந்துவைக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் போதாது, மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். அவசரப்பட்டு விலையை நீக்கிவிட்டால் பின்வாங்கவும் முடியாது. ஒருமுறை இலவசமாக்கிய செயலியை மறுபடி கட்டணச் செயலியாக்க கூகுள் அனுமதிப்பதில்லை. என்னதான் செய்தாலும், அந்த இடைவெளியில் செயலியைத் திறக்காமலே இருந்த சிலர் விட்டுப்போவார்கள். அவர்கள் மின்னஞ்சலில் வந்த ரசீதின் ஆர்டர் எண்ணை அனுப்பினால் உடனே திறந்துவிட வேண்டும். ரசீதே கிடைக்கவில்லை என்று ஒரு பெரியவர் சொன்னால், அவர் சொல்லை நம்பித் திறந்துவிட வேண்டும் என்பேன். நாலு பேர் பொய் சொல்லிவிட்டுப் போகட்டும். வாங்கியவர் ஒருவரைப் பொய்யராக்குவதைவிட அது மேல்.

இது வெறும் பெருந்தன்மை பற்றிய பேச்சு அன்று. சந்தாவுக்கு மாறும் செயலிகள், ஏற்கெனவே காசு கொடுத்தவர்களின் முக்கிய வசதிகளைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதிமுறையே சொல்கிறது. நம் நாட்டில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இணையத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. பணம் கட்டிய சேவையை, கூடுதலாக ஏதாவது வாங்கினால்தான் பயன்படுத்த முடியும் என்று தடுப்பதும் அவற்றில் அடங்கும். செயலி வைத்திருக்கும் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்? பாதிக்கப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். சின்னத் தொகைதானே என்று நாம் விட்டுவிடுவதால்தான் இது நடக்கிறது.

புதிதாகச் சேர்க்கும் வசதிகளுக்குப் பழைய வாடிக்கையாளரிடம் விலை கேட்கலாமா? கேட்கலாம், அதில் தவறில்லை. அந்தப் புதிய வசதி இல்லாமலும், அவர் வாங்கிய அன்று இருந்தவை அத்தனையும் அப்படியே வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கூகுளிடம் ஒரு கோரிக்கை. யார் எந்தச் செயலியை என்று என்ன விலைக்கு வாங்கினார் என்ற வரலாறு உங்கள் கணக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் நினைத்தால் தன் போனில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ‘இவர் காசு கொடுத்து வாங்கியவர்’ என்ற ஒற்றைத் தகவலைச் செயலிக்கும் சொல்லுங்கள். என்னைப் போல் தனியாளாகச் செயலி நடத்துபவர்கள் அதற்கென்று தனி சர்வர் வைத்துப் பெயர்ப்பட்டியல் பராமரிக்க வேண்டியிருக்காது.