படையினருக்கு எது பெரிய பாரம்?

கடையில் வாங்கும் 2 கிலோவாட் பெற்றோல் மின்பிறப்பாக்கி சுமார் 20 கிலோதான். ஒராள் தூக்கலாம். அதே வலுவுள்ள அமெரிக்க இராணுவத்தின் டீசல் மின்பிறப்பாக்கி 60 கிலோவைத் தாண்டும். அப்ப ஏன் பெற்றோலுக்கு மாறவில்லை?

தரையிலுள்ள வாகனம், ஹெலிகொப்டர், மின்பிறப்பாக்கி எல்லாத்துக்கும் ஒரே எரிபொருள் என்பது நேட்டோவின் கொள்கை. மண்ணெண்ணெய் வகையான அந்த எரிபொருள் டீசல் இயந்திரத்துக்குச் சரிவரும். சாதாரண பெற்றோல் இயந்திரத்துக்குச் சரிவராது. டீசல் இயந்திரமோ காற்றைக் கடுமையாக அமுக்கி, அந்தச் சூட்டில்தான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. அழுத்தத்தைத் தாங்கத் தடித்த உலோகம் வேணும். பாரம் அங்கேதான் கூடுகிறது.

எடையைக் குறைக்கும் ஆராய்ச்சி தேவைதான். ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரிய பாரம் எரிபொருள். 2007 ஆம் நிதியாண்டில் ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் வாகனத் தொடரணிகளுக்கு ஒருவர் வீதம் கொல்லப்பட்டார் அல்லது காயமடைந்தார் என அமெரிக்க இராணுவத்துக்கான ஆய்வொன்று 2009 இல் கணக்கிட்டது.

ஒரு வானொலிக் கருவியும் மடிக்கணினியும் மட்டும் இயங்கும்போதும் மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்த சுமையில் டீசல் வீணாகும், இயந்திரத்தில் கரி படியும். பற்றரியோடு இணைத்து, தேவையான நேரம் மட்டும் ஓடவிட்டால் எரிபொருள் மிச்சம். எதிரிக்குக் கேட்கும் சத்தமும் குறையும். ஆகவே புதிய கருவிக்குக் காசு ஒதுக்குபவர்கள் எத்தனை கிலோ என்பதோடு, நாளுக்கு எத்தனை லீற்றர் குடிக்கும் என்றும் கேட்கவேணும். அதைக் கொண்டுபோறதும் யாரோ பெத்த பிள்ளைதானே.